மயிலை தந்த சித்திரக்காரர்

மயிலாப்பூர் என்னும் பெயரிலேயே மயில் இருக்கிறது. அம்பிகை மயிலுருக் கொண்டு சிவபெருமானைப் பூசித்த தலம் அது என்பது புராணம். அத்தலத்தில் 1898-ம் வருஷம் பிறந்த ஒருவர், மயிலையும் யானையையும் பசுவையும் தமிழ்நாட்டு வீட்டுச் சுவர்களில் எல்லாம் குடியேற்றினார். அவரே ஸ்ரீ சி. கொண்டைய ராஜு. அவர் பெயரை அறியாதோர் பலர். அவர் சித்திரத்தின் முன் கை கூப்பாதோர் சிலரே.

அன்னிய வியாபாரிகள் நம் ஜனங்களின் மனத்தை நன்கு அறிந்திருந்தனர். மான்செஸ்டர் துணிகளின் மேல் ஒட்டிவந்த வர்ணச் சீட்டுகளில் யானையும் புலியும் விளங்கின. சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த தீப்பெட்டிகளிலும் அவ்வாறே. எழுத்தறியாதவனும் படத்தைக் கண்டு சரக்கை அடையாளம் அறிந்தான். நம் நாட்டு விலங்குகளே அன்னியச் சரக்குக்குத் தரகு பேசின. இலாபமோ கடல் கடந்தது.

இந்நிலை மாறக் காரணமானோரில் இருவர் சிவகாசி ஸ்ரீ அய்ய நாடாரும் ஸ்ரீ சண்முக நாடாரும். 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு அச்சகம் வேண்டும். இவ்வாறு வளர்ந்த வர்ண அச்சுத் தொழில், நாளடைவில் காலண்டர்களை அச்சிடத் தொடங்கியது. அதற்கு ஒரு சித்திரக்காரர் தேவைப்பட்டார்.

கொண்டைய ராஜு சென்னைக் கலைப் பள்ளியில் மேனாட்டு முறைப்படி பயின்றவர். பின்னர்த் துறவில் நாட்டங்கொண்டு திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் தங்கினார். அதன்பின் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார். இரண்டாவது உலக யுத்த காலத்தில் அக்கம்பெனி கோவிற்பட்டியில் கலையவே, அவ்வூரிலேயே தங்கிவிட்டார். ஸ்ரீ டி. எஸ். சுப்பையா முதலிய சிஷ்யர்கள் அவரைச் சூழ்ந்தனர். சிவகாசியோ அருகிலேயே இருந்தது.

பள்ளியில் கற்ற ஒளியும் நிழலும், நாடகத் திரையின் பகட்டும், ஆசிரமத்தில் ஊறிய பக்தியும் அவர் தூரிகையில் ஒன்றாயின. முருகனருகே மயிலும், கண்ணனருகே பசுவும் உயிருடன் நின்றன. அப்படத்தின் கீழே ஜவுளிக் கடையின் பெயரோ நகைக் கடையின் பெயரோ இருக்கும். வருஷம் முடிந்ததும் தேதித் தாள்கள் போய்விடும். படமோ கண்ணாடிச் சட்டமேறிப் பூஜையறைக்குப் போகும். காசு கொடுத்துச் சித்திரம் வாங்க இயலாத ஏழைக்கும் கலை இவ்வழியே கிட்டிற்று.

மான்செஸ்டர் செய்ததைத்தானே நம் கடைக்காரரும் செய்தார் என்று சிலர் கேட்கலாம். தந்திரம் ஒன்றே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் எழுதிய கையும், அச்சிட்ட கையும், பெற்ற கையும் நம்முடையவை. கடைத்தெருப் படம் என்று இவற்றை இகழும் கலைவாணர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

1976-ல் கோவிற்பட்டியில் அவர் காலமானார். அவர் எழுதியவை காகிதத்தில் அச்சேறியவை. கறையான் அரிக்கக் கூடியவை. பழைய காலண்டர்களை எடைக்குப் போடுமுன், படத்தின் மூலையிலுள்ள கையெழுத்தை ஒருமுறை பார்க்குமாறு நேயர்களை வேண்டுகிறோம். அவர் பெயர் தென்பட்டால் அதனைக் காப்பது நம் கடமை. அவரை ஈன்ற மயிலைவாசிகளுக்கு அக்கடமை இரட்டிப்பாகும்.