முக்கூர் அழகிய சிங்கர்

முக்கூர் அழகிய சிங்கர் (இறப்பு: 1992) வைணவ மடங்களுள் ஒன்றான அகோபில மடத்தின் 44 ஆவது பட்டம் ஜீயர் ஆவார். வேதாந்த தேசிக யதீந்திர மகாதேசிகன் என்பது இவரது துறவறப் பெயர். நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் முற்றுப்பெறாமல் நின்ற திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலின் தெற்கு இராசகோபுரத்தைக் கட்டி முடித்தவர் என்று பரவலாக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

முக்கூர் என்னும் ஊரைச் சேர்ந்தவர் என்பதால் இப்பெயரால் வழங்கப்பட்டார். அகோபில மடத்தின் ஜீயர்களை அழகிய சிங்கர் என அழைப்பது மரபு. வடமொழியிலும் வேதாந்தத்திலும் புலமை பெற்றிருந்த இவர், 1957 இல் மடத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

இராசகோபுரத் திருப்பணி

பின்னணி

திருவரங்கம் கோயில் ஏழு திருச்சுற்றுகளை உடையது. வெளிச் சுற்றின் தெற்கு வாயிலில் கோபுரம் எழுப்பும் பணி, விசயநகரப் பேரரசர் அச்சுத தேவராயர் காலத்தில் தொடங்கி இடையில் நின்றுபோனதாகக் கருதப்படுகிறது. கருங்கல்லால் அமைந்த அடித்தளப் பகுதி மட்டுமே எஞ்சியதால் மக்கள் அதனை மொட்டைக் கோபுரம் என்றனர்.

கட்டுமானம்

எண்பது வயதைக் கடந்த நிலையில் அழகிய சிங்கர் இப்பணியை மேற்கொண்டார். 1979 இல் வேலை தொடங்கியது. பழைய கல் அடித்தளம் இடிக்கப்படவில்லை. அதன் மீதே புதிய நிலைகள் எழுப்பப்பட்டன. கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும் என்பது தமிழகக் கோபுரங்களின் மரபு. மேலே செல்லச் செல்ல நிலைகள் குறுகுவதாலும், செங்கல் கருங்கல்லினும் எடை குறைந்தது என்பதாலும் அடித்தளத்தின் மீதான சுமை மட்டுப்படுகிறது. பழைய பகுதியும் புதிய பகுதியும் ஒரே கோபுரமாகப் பொருந்துவதற்கு இம்மரபு துணைநின்றது. இரும்புக் கம்பிகளும் சிமெண்ட்டும் பயன்படுத்தப்பட்டபோதிலும், கோபுரத்தின் தோற்றம் மரபு வழியிலேயே அமைந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களைப் போல் இதில் சுதைச் சிற்பங்கள் செறிந்திருக்கவில்லை. கட்டட உறுப்புகளின் வரிசையே மேலோங்கி நிற்கிறது.

நிதி

திருப்பணிக்கான பொருள் பெரும்பாலும் நன்கொடையாகத் திரட்டப்பட்டது. தனித்தனி நிலைகளின் செலவை நன்கொடையாளர்கள் ஏற்றனர். ஆறாம் நிலை இசையமைப்பாளர் இளையராஜாவின் கொடையாகும்.

குடமுழுக்கு

பணி எட்டு ஆண்டுகளில் நிறைவுற்று, 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கு நடைபெற்றது. 13 நிலைகளும் 13 கலசங்களும் கொண்ட இக்கோபுரத்தின் உயரம் சுமார் 236 அடி (72 மீட்டர்) ஆகும். அதுவரை தமிழகத்தின் உயரமான கோபுரங்களுள் ஒன்றாக இருந்த திருவண்ணாமலைக் கோபுரத்தின் உயரம் 217 அடி. 2008 இல் கருநாடகத்தின் முருதேசுவரத்தில் ஏறத்தாழ இதே உயரமுள்ள கோபுரம் கட்டப்பட்டது.

மறைவு

குடமுழுக்கு நடந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1992 இல் அழகிய சிங்கர் காலமானார். அவரையடுத்து நாராயண யதீந்திர மகாதேசிகன் 45 ஆவது பட்டம் ஏற்றார். வெளிச் சுற்றின் ஏனைய திசைக் கோபுரங்கள் முற்றுப்பெறாமலே உள்ளன. தெற்கு வாயில் முன்பு இருந்த நிலையை அவற்றைக் கொண்டு அறியலாம்.