எர்ன்ஸ்ட் ஆபே: ஆடியும் அறமும்

புகைப்படக் கலையிற் பற்றுடையார் பலர்க்கும் காமிராப் பெட்டியினும் அதன் முகப்பில் அமைந்த லென்ஸின்மேலேயே ஆசை மிகுதி. பெட்டி விரைவிற் பழமையடையும். நல்ல லென்ஸோ தலைமுறை கடந்தும் பயன் தரும். அவ்வார்வலர் தம் கனவிற் காணும் லென்ஸ்கள் யாவையென வினவின், டெஸ்ஸார், பிளானார், பயோகான் என்னும் பெயர்கள் தவறாது வரும். மூன்றும் ஜெர்மனி தேயத்து ஸைஸ் நிறுவனத்தின் படைப்புக்களாம். 1966-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தார் மிகமிகுந்த ஒளியை ஏற்கவல்ல பிளானார் லென்ஸ் ஒன்றினைப் பத்துப் படிகளே செய்தனர். அவற்றுள் ஆறு அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தன. மூன்றினைப் பெற்ற திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக், 1975-இல் வெளிவந்த தம் 'பாரி லிண்டன்' என்னும் படத்திற் சில காட்சிகளை மெழுகுவத்தி ஒளியிலேயே எடுத்து முடித்தார். 1969-இல் நிலவில் இறங்கிய மாந்தர் ஆங்குப் படம் பிடித்த காமிராவில் இருந்ததும் ஸைஸின் பயோகானே.

இத்தகைய லென்ஸ்களை உலகம் விரும்புதற்குக் காரணம் மூன்று. மங்கிய ஒளியிலும் அவை படம் தரும். படத்தின் நடுவிற்போலவே ஓரத்திலும் தெளிவு நிற்கும். பொருள்களின் விளிம்பில் வானவிற் கறை படியாது. இம்மூன்றும் ஒருங்கே அமைதல் எளிதன்று. ஒன்றைத் திருத்தப் புகின் மற்றொன்று கெடும். அவ்வரிய செயலுக்கு வழி வகுத்தவருள் தலைசிறந்தவர் எர்ன்ஸ்ட் ஆபே என்னும் பேரறிஞர். ஸைஸ் என்னும் பெயரை அறிந்தோர் பலர். அப்பெயருக்கு இப்புகழை ஈட்டித் தந்த ஆபேயை அறிந்தோர் சிலரே. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆபே 1840-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23-ஆம் நாள் ஐசனாக் நகரிற் பிறந்தார். இசைப்பேரறிஞர் பாக் பிறந்த நகரும் அதுவே. ஆபேயின் தந்தையார் நூற்பாலையொன்றில் வேலை செய்து பிழைத்தவர். நாளொன்றுக்குப் பதினான்கு மணி முதல் பதினாறு மணி வரை அவர் ஆலையிலேயே நிற்கவேண்டும். உணவுக்கென ஓய்வு கிடையாது. சிறுவர் ஆபேயும் அவர் தங்கையும் நாள் மாற்றி நாள் தந்தைக்கு நண்பகல் உணவு எடுத்துச் செல்வர். அவர் பொறியிற் சாய்ந்து நின்றவாறே அவ்வுணவை விரைந்து உண்டு, வெறுங் கலத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு மீண்டும் வேலையிற் புகுவார். நெடிய உருவமும் நிறைந்த வலிமையும் உடைய அத்தந்தை, நாற்பத்தெட்டாம் வயதிலேயே முதியவர்போற் கூனித் தளர்ந்ததை மகன் கண்டார். அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு என்றும் அகலவில்லை.

கூர்த்த அறிவுடைய அம்மாணவர்க்கு ஆலை முதலாளியின் பொருளுதவி கிடைத்தது. பள்ளிப்படிப்பை முடித்து, யேனாப் பல்கலைக்கழகத்திலும் பின்னர்க் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலும் கணிதமும் பௌதிகமும் பயின்றார். கணித மேதை ரீமனும் பௌதிகப் பேராசிரியர் வேபரும் கோட்டிங்கனில் அவர்தம் ஆசிரியர். 1861-இல், தம் இருபத்தோராம் வயதில், டாக்டர் பட்டம் பெற்றார். 1863-இல் யேனாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்தார்.

அந்நகரிற் கார்ல் ஸைஸ் என்பார் 1846 முதல் ஒரு சிறு தொழிற்சாலை வைத்து நுண்ணோக்கிகள் செய்து வந்தார். அவர் கைத்திறம் மிக்கவர். ஆயினும் ஒரு குறை அவரை வருத்தியது. அக்காலத்து லென்ஸ் தொழில் முழுவதும் கைப்பழக்கத்தையே நம்பியிருந்தது. கண்ணாடியைத் தேய்ப்பர், பொருத்திப் பார்ப்பர், காட்சி நன்றாயின் கொள்வர், அன்றேல் மீண்டும் தேய்ப்பர். ஒரு நாள் அமைந்த நற்கருவி மறுநாள் அமையுமென்பதற்கு உறுதியில்லை. கணக்கிட்டு லென்ஸ் செய்ய இயலாதோ என்னும் வினாவுடன் ஸைஸ் 1866-இல் ஆபேயின் துணையை நாடினார். அப்போது ஆபேக்கு இருபத்தாறு வயது.

தொடக்கத்தில் வெற்றி கிட்டவில்லை. பிழைகளை ஒழிக்கக் கருதிய ஆபே, ஒளி புகும் வாயிலைச் சுருக்கினால் கதிர்கள் ஒழுங்குபடும் என்று எண்ணிக் கணக்கிட்டார். அவ்வாறு செய்த லென்ஸ்களோ, தொழிலாளர் கைப்பழக்கத்தாற் செய்தவற்றினும் தாழ்ந்தே நின்றன. கணக்கிற் பிழையில்லை, காட்சியோ மங்கல். மற்றொருவராயின் கணக்கைக் கைவிட்டிருப்பர். ஆபேயோ அத்தோல்வியின் காரணத்தையே ஆராயப் புகுந்தார். துறைமுக வாயிலிற் புகும் கடலலை உட்புறத்தே விரிந்து பரவுதல்போல, ஒளியலையும் நுண்பொருளைக் கடக்குங்கால் விரிந்து செல்லும். விரிந்த அவ்வொளியிற் பெரும்பகுதியை லென்ஸ் ஏற்றாலன்றிப் பொருளின் நுண்ணிய கூறுகள் காட்சியில் வாரா. ஆகவே சுருங்கிய வாயில் ஆகாது. அகன்ற வாயிலே வேண்டும். அகன்ற வாயிலால் வரும் பிழைகளையும் கணக்கினால் திருத்தல் வேண்டும். இவ்வுண்மை புலப்பட்டபின் அவர்தம் வழி தெளிவாயிற்று. 1872-க்குள் ஸைஸ் தொழிற்சாலையின் நுண்ணோக்கி லென்ஸ்கள் யாவும் கணக்கின்படியே செய்யப்பட்டன. 1873-இல் தம் கொள்கையை நூல்வழி வெளியிட்டார். எத்துணை நன்கு செய்யினும், ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதியினும் நுண்ணியவற்றை நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது என்னும் எல்லையும் அவரால் நிறுவப்பட்டது.

கணக்குத் திருந்தியும் கண்ணாடி திருந்தவில்லை. அந்நாளிற் கிடைத்தவை இரு பெரும் வகைக் கண்ணாடிகளே. அவற்றைக்கொண்டு நிறக்கறையை முற்றும் நீக்குதல் அரிது. கணக்கில் நன்றாய் அமைந்த லென்ஸைச் செய்தற்கேற்ற கண்ணாடி உலகில் இல்லை என்னும் குறையை ஆபே தம் கட்டுரையில் வெளியிட்டார். 1879-இல் ஆட்டோ ஷாட் என்னும் இளம் வேதியறிஞர், தாம் புதிதாய் உருக்கிய கண்ணாடியை அவருக்கு அனுப்பினார். அன்று தொடங்கிய நட்பு பெரும்பயன் விளைத்தது. ஷாட் 1882-இல் யேனாவிற் குடியேறினார். 1884-இல் அவர்கள் கண்ணாடித் தொழிற்கூடம் ஒன்றை நிறுவினர். போரான், பேரியம், பாஸ்பரஸ் முதலிய பொருள்களைச் சேர்த்து உருக்கிய புதுவகைக் கண்ணாடிகள் ஆங்குப் பிறந்தன. 1886-இல் வெளியான அவர்தம் முதற் பட்டியலில் 44 வகைகள் இருந்தன. கண்ணாடி நிறங்களைப் பிரிக்கும் அளவைக் குறிக்கும் எண், இன்றும் உலகெங்கும் ஆபே எண் என்றே வழங்குகின்றது.

நுண்ணோக்கிக்கென எழுந்த இக்கண்ணாடிகளே புகைப்பட லென்ஸுக்கும் புதுவாழ்வளித்தன. பழைய லென்ஸ்களிற் படத்தின் நடுப்பகுதி தெளிந்து ஓரம் கலங்கும். பவுல் ரூடால்பு என்னும் கணிதவல்லாரை 1886-இல் ஆபே தம்முடன் சேர்த்துக்கொண்டார். புதுக் கண்ணாடிகளைத் தக்கவாறு இணைத்து, ஓரமும் தெளியும் லென்ஸினை ரூடால்பு 1890-இல் ஆக்கினார். 1896-இல் ஆறு வில்லைகளால் ஆகிய பிளானாரும், 1902-இல் நான்கே வில்லைகளால் ஆகிய டெஸ்ஸாரும் அவர் கணக்கினின்றே தோன்றின. டெஸ்ஸார் எளிய அமைப்பினது, படமோ கூரியது. அதனால் அது கழுகின் கண் எனச் சிறப்பிக்கப்பட்டது.

இனி, ஆபேயின் பெருமையை முழுதும் விளக்கும் பகுதிக்கு வருவாம். 1876-இல் ஸைஸ் அவரைத் தொழிலிற் பங்காளியாக்கினார். செல்வம் பெருகியது. பெர்லினிற் பேராசிரியப் பதவி தர ஹெல்ம்ஹோல்ட்ஸ் அழைத்தபோதும் அவர் யேனாவை விட்டு நீங்கவில்லை. 1888-இல் கார்ல் ஸைஸ் காலமானார். மறு ஆண்டு அவர்தம் மைந்தரும் தொழிலினின்று விலகினார். பெருந்தொழிலகம் ஆபேயின் கையில் வந்தது. ஆலையில் நின்றுண்ட தொழிலாளியின் மைந்தர் ஆலைக்கே உரிமையாளராயினார்.

அவர் செய்தது யாது? 1889-இல் அறக்கட்டளையொன்றை நிறுவினார். 1891-இல் தம் பங்குரிமையை அதற்கே மாற்றிக்கொடுத்துத் தாம் ஊதியம் பெறும் மேலாளருள் ஒருவராய் அமைந்தார். அறக்கட்டளைக்குத் தம் பெயரை இடவில்லை. கார்ல் ஸைஸின் பெயரையே இட்டார். இத்தொழிலின் வளம் ஒருவர் அறிவால் வந்ததன்று, பல்கலைக்கழகமும் தொழிலாளரும் ஊராரும் கூடி ஆக்கியது, ஆதலின் ஊதியமும் அவர்க்கே மீளவேண்டும் என்பது அவர்தம் துணிபு.

1896-இல் அவர் வகுத்த விதிகள் அக்காலத்தார்க்கு வியப்பளித்தன. ஊதியத்துடன் விடுமுறை, முதுமையில் ஓய்வூதியம், இலாபத்திற் பங்கு ஆகியவை தொழிலாளர்க்கு உரிமையாயின. பிறப்பு, சமயம், அரசியற் கட்சி என்பவற்றை நோக்கி எவரையும் உயர்த்தலும் தாழ்த்தலும் கூடாதென விதித்தார். மேலாளரின் ஊதியம் தொழிலாளரின் சராசரி ஊதியத்திற் பத்து மடங்கிற்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்தார். அவ்வரையறை அவரையும் கட்டுப்படுத்தியது.

1900-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளினின்றும் வேலை நேரம் எட்டு மணியாயிற்று. உற்பத்தி குறையும் என்று அஞ்சியோர் பலர். ஆபேயோ அச்சத்துக்கும் நம்பிக்கைக்கும் இடங்கொடாது, லென்ஸை அளந்தவாறே இதனையும் அளந்தார். தொழிலாளர் பலருடைய முன்னாண்டு வேலையையும் பின்னாண்டு வேலையையும் கணக்கெடுத்து ஒப்பிட்டார். ஒன்பது மணியில் விளைந்ததற்கு எட்டு மணியில் விளைந்தது குறையாததோடு சிறிது மிகுந்தும் இருந்தது. ஜெர்மனியில் எட்டு மணி வேலை பொதுவிதியானது 1918-இலேதான். யேனா நகரத்தார்க்குப் பொது நூல்நிலையமும் மக்கள் மன்றமும் அமைந்ததும் அவ்வறக்கட்டளையின் பொருளாலேயாம்.

பிறர்க்கு ஓய்வளித்த அவர் தமக்கு அதனை அளிக்கவில்லை. இடையறா உழைப்பாலும் உறக்கமின்மையாலும் உடல் நலிந்தது. 1903-இற் பதவியினின்று விலகினார். 1905-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், அறுபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்கு ஒன்பது நாள் இருக்க, யேனாவில் உயிர் நீத்தார். 1945-க்குப்பின் ஜெர்மனியோடு ஸைஸ் நிறுவனமும் இரண்டாய்ப் பிரிந்து, நாடு ஒன்றானபின் மீண்டும் ஒன்றாயிற்று. அதனையும் ஷாட் கண்ணாடி நிறுவனத்தையும் அவ்வறக்கட்டளையே இன்றும் உடைமையாகக் கொண்டுள்ளது.

கல்வி கற்றார்க்கு இவ்வரலாறு காட்டும் பாடம் ஒன்றுண்டு. தந்தையின் துன்பத்தைக் கண்டு கலங்கும் மக்கள் பலர். அத்துன்பம் மற்றொரு தந்தைக்கு வாராதவாறு விதி செய்தவர் அரியர். கண்ணாடியிற் பிழையைப் பொறாத அதே நெஞ்சமே தொழிலிற் கொடுமையையும் பொறுக்கவில்லை. ஸைஸ் லென்ஸ் ஒன்றேனும் தமக்கு உடைமையாக வேண்டுமென உலகிற் பலர் ஏங்குகின்றனர். அவற்றைச் செய்யும் தொழிலகம் முழுவதையும் உடைமையாகப் பெற்றும் தமதென்று வைத்துக்கொள்ளாத பெருமகனார் ஒருவர் இருந்தார் என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.