காந்தத்தை ஆராய்ந்த தமிழர் சர் கே. எஸ். கிருஷ்ணன்



காந்தத்தை வைத்து விளையாடாத பிள்ளை உண்டா? கெட்டுப்போன ரேடியோவைப் பிரித்து, ஒலிபெருக்கியில் இருக்கும் வட்டக் காந்தத்தை எடுத்து, கயிற்றில் கட்டி, லயத்து வாசல் மண்ணிலே இழுத்துக்கொண்டு ஓடினால் கருப்புத் தூள் மயிர் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். ஏன் சில பொருள் ஒட்டுகிறது, ஏன் சிலது ஒட்டவில்லை என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் இருந்தார். அவரும் ஒரு கிராமத்துத் தமிழ்ப் பிள்ளைதான்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் பிறந்தார். தகப்பனார் விவசாயி, தமிழும் வடமொழியும் கற்றவர். உள்ளூர்ப் பள்ளி, பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர், மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று ஒவ்வொரு படியாக ஏறினார். கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை ஆசிரியராகவும் வேலை பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மாணவர்களைக் கூட்டிவைத்து, எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம் என்று விட்டுவிடுவாராம். கேட்கிற பிள்ளைதான் கற்கிற பிள்ளை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1920களில் கல்கத்தா சென்று சி. வி. ராமனிடம் சேர்ந்தார். 1928ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்தச் சிறிய ஆய்வுக்கூடத்தில் ஒரு பெரிய உண்மை தெரியவந்தது. திரவத்தில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருகிறது என்பதே அது. கருவியின் முன்னே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பதிவு செய்ததில் கிருஷ்ணனுக்குப் பெரும்பங்கு உண்டு. அதை உலகுக்கு அறிவித்த முதல் குறிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930இல் நோபல் பரிசு வந்தபோது, அது ராமன் ஒருவருக்கே வந்தது.

பெற்றோர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்க. கூடவே உழைத்தவர் மேடை ஏறுகிறார். நாம் கீழே நிற்கிறோம். யாருக்கும் மனசு சோர்ந்துபோகும் இல்லையா? கிருஷ்ணன் சோர்ந்து உட்காரவில்லை. 1928 டிசம்பரிலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய், தமக்கென்று வேறொரு பாதையை வெட்டத் தொடங்கியிருந்தார். அந்தப் பாதைதான் காந்தவியல்.

மாணவர்களே, இனிக் கொஞ்சம் பாடம். இரும்பு, நிக்கல், கோபால்ட் மூன்றும் காந்தத்தில் பலமாக ஒட்டும். மற்றவை ஒன்றுமே செய்யாது என்றுதான் நினைக்கிறோம். அது தவறு. கொல்லர் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய மைக்கேல் ஃபாரடே, 1845இல் பலமான காந்தத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தார். எல்லாப் பொருளுமே காந்தத்துக்கு ஏதோ ஒரு பதில் சொல்கின்றன என்று கண்டார். அலுமினியம், மயில்துத்தம் போன்றவை மிக லேசாக இழுக்கப்படும். செம்பு, தண்ணீர், பிஸ்மத் போன்றவை மிக லேசாக விலகும்.

அவ்வளவு பலமான காந்தம் எப்படிக் கிடைத்தது? மின்சாரத்தால் கிடைத்தது. கம்பியில் மின்சாரம் ஓடினால் பக்கத்தில் இருக்கும் திசைகாட்டி முள் திரும்புகிறது என்று 1820இல் டென்மார்க் நாட்டு அறிஞர் எர்ஸ்டெட் கண்டார். நீங்களும் ஓர் இரும்பு ஆணியில் உறை போட்ட செம்புக் கம்பியை முப்பது நாற்பது சுற்றுச் சுற்றி, முனைகளை ஒரு டார்ச்லைட் பாட்டரியில் வைத்துப் பாருங்கள். குண்டூசி வந்து ஒட்டும். கம்பியை எடுத்தால் பெரும்பாலும் விழுந்துவிடும். சுற்று கூடினால் பலமும் கூடும். கம்பி சூடேறும், ஆகவே சில விநாடிகள் போதும். வீட்டுச் சுவரில் உள்ள மின்சாரத்தில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது.

இப்போது கிருஷ்ணனிடம் வருவோம். விறகு நெடுக்கே சுலபமாகப் பிளக்கும்; குறுக்கே பிளக்காது. படிகங்களும் அப்படித்தான். காந்தத்துக்கு அவை சொல்லும் பதில் திசைக்குத் திசை மாறும். அந்த வித்தியாசத்தை அளப்பது எப்படி? கிருஷ்ணனும் அவருடைய மாணவர்களும் ஒரு சிறிய படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே தொங்கவிட்டார்கள். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கினார்கள். படிகம் உடனே சுழலாது. காந்தம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முறுக்கு ஏற ஏற, படிகம் தன் நிலையிலிருந்து 45 பாகை வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். அதைத் தாண்டியதும் பட்டென்று சுழன்றுவிடும். எவ்வளவு முறுக்கினோம் என்பதிலிருந்து கணக்குப் போட்டால் விடை கிடைக்கும். ஓர் இழை, ஒரு காந்தம், நிறையப் பொறுமை. கருவி அவ்வளவுதான்!

இந்த முறையால் பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டையும், துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டையின் நாப்தலீனையும் ஆராய்ந்தார். படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கின்றன என்பதைக் காந்தமே காட்டிக்கொடுத்தது. கண்ணால் காண முடியாததை இழையின் முறுக்கால் கண்டார் என்றே சொல்லலாம்.

1933இல் கல்கத்தாவுக்குப் பேராசிரியராகத் திரும்பினார். 1940இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1942 முதல் அலகாபாத்தில் பேராசிரியராக இருந்தார். 1946இல் சர் பட்டமும் வந்தது. 1947இல் புதுடில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1954இல் பத்மபூஷண், 1958இல் முதலாவது பட்நாகர் பரிசு. இத்தனைக்கும் நடுவே தமிழை விடவில்லை. அறிவியலைத் தமிழிலும் எழுதினார். 1961 ஜூன் மாதம், 62ஆம் வயதில் காலமானார்.

இன்று பத்து பெரண்டாமிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருந்து வந்திருக்கும் பிள்ளைகளில் சிலர் மேடை ஏறிப் பரிசு வாங்குவார்கள். அவர்களை வாழ்த்துவோம். பரிசு வாங்காத பிள்ளையும் வீட்டுக்குப் போகத்தான் போகிறது. விடியற்காலையில் எழுந்து மரம் வெட்டப் போகும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, அந்தப் பிள்ளையை இன்று ராத்திரி திட்டாதீங்க. பாட்டரியும் ஆணியும் கையில் கொடுங்க. கேள்வி கேட்டால் கேட்க விடுங்க. பரிசு தப்பியபோதும் கிருஷ்ணன் தம் பாதையை விடவில்லை.

கேள்வி கேட்போம்! சோதித்துப் பார்ப்போம்! வாழ்க தமிழ்ப்பள்ளி!