பட்டாணித் தோட்டத்துத் துறவி

பாடசாலையில் உயிரியல் படித்த வாசகர்களுக்கு மெண்டல் என்னும் பெயர் பழக்கமானதே. ஆனால் அவர் அகுஸ்தீனார் சபைத் துறவி என்பதும், பட்டாணியில் தாம் கண்ட விதி இன்னொரு செடியில் பொய்த்துப்போகக் கண்டவர் என்பதும் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1822ஆம் ஆண்டு ஒஸ்திரியப் பேரரசின் சிலேசியா மாநிலத்தில், ஏழைக் கமக்காரர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் யோகான். தந்தை மரம் விழுந்து காயப்பட்டு, முன்போல் உழைக்க இயலாதவரானார். தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துத் தமையனின் படிப்புக்கு உதவினாள். (அவளது பிள்ளைகள் மூவரின் கல்விக்குப் பின்னாளில் மெண்டல் கைகொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 1843இல் புறூண் நகரின் புனித தோமையார் மடத்தில் சேர்ந்து கிறகோர் என்னும் பெயர் பெற்றார். 1847இல் குருவானார். நோயாளரைச் சந்திக்கும் பணி அவரையே நோயாளியாக்கிவிட்டது. எனவே மடாதிபதி நாப் அவரை ஆசிரியப் பணிக்கு அனுப்பினார். ஆசிரியர் தராதரப் பரீட்சையிலோ அவர் கடைசிவரை சித்தியடையவில்லை!

1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் ஏறக்குறைய 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்தார். உருண்டை விதைச் செடியைச் சுருங்கிய விதைச் செடியோடு கலந்தபோது முதற் சந்ததியில் எல்லாம் உருண்டை. அடுத்த சந்ததியில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. இதிலிருந்து அவர் கண்டது இதுதான்: ஒவ்வோர் இயல்புக்கும் செடியில் இரு காரணிகள் உண்டு, மகரந்தமும் சூலும் உண்டாகும்போது அவை பிரிந்து, ஒன்றுக்கு ஒன்றாகச் செல்கின்றன.

பிரிவது எப்படி? அதை அவர் கண்ணால் காணவில்லை. கலத்தினுள் நிறமூர்த்தங்கள் சோடி சோடியாக இருக்கின்றன; ஒன்று தந்தைவழி, மற்றது தாய்வழி. ஒடுக்கற்பிரிவின்போது ஒவ்வொன்றும் முன்னதாகவே இரட்டித்துக்கொண்டு, தன் சோடியோடு நெருங்கி, கலத்தின் நடுவே நிற்கிறது. பின்னர் நுண்ணிய நார்கள் இழுக்க, சோடிகள் எதிரெதிர் முனைகளுக்குப் பிரிகின்றன. எந்தச் சோடியில் எது எப்பக்கம் போகும் என்பது தற்செயலே. இரண்டாம் பிரிவில் இரட்டித்த பாதிகளும் பிரிய, ஒரு கலத்திலிருந்து நான்கு கலங்கள். ஒவ்வொன்றிலும் பாதித் தொகை நிறமூர்த்தங்கள். துறவியார் பட்டாணி எண்ணியே இதன் விளைவைக் கணித்துவிட்டார் என்பது வியப்பல்லவா?

1865இல் புறூண் இயற்கை விஞ்ஞானச் சங்கத்தில் இதைப் படித்தார். அடுத்த ஆண்டு அச்சிலும் வந்தது. அதன் பெறுமதியை எவரும் உணரவில்லை. மூனிச் நகரப் பேராசிரியர் நேகெலிக்குக் கடிதம் எழுதினார். அவரோ ஐயுற்றார். நேகெலி ஆராய்ந்துவந்த ஹயராசியம் என்னும் மஞ்சட்பூச் செடியில் மெண்டலும் இறங்கினார். அதன் பூக்களோ மிகச் சிறியவை. வேலை அவர் கண்களை வருத்தியது. பாடுபட்டுப் பெற்ற கலப்புச் செடிகளின் சந்ததி பட்டாணிபோல் பிரியாமல், எல்லாம் தாயைப் போலவே முளைத்தன.

1868இல் மடாதிபதியானார். 1874ஆம் ஆண்டின் மடங்கள்மீதான வரிச் சட்டத்தை எதிர்த்து அரசோடு வழக்காடியதில் கடைசி ஆண்டுகள் கழிந்தன. 1884 ஜனவரி 6ஆம் திகதி இறந்தார். 1900ஆம் ஆண்டில்தான் அவரது கட்டுரை வெளிச்சத்துக்கு வந்தது. சிறிது காலத்துள் வெட்டுக்கிளியின் கலங்களை ஆராய்ந்த சட்டன் என்பாரும், கடல் முள்ளெலியை ஆராய்ந்த போவெறி என்பாரும் மெண்டலின் காரணிகள் நிறமூர்த்தங்களிலேயே உள்ளன எனக் காட்டினர்.

ஹயராசியத்தின் புதிரை 1903ஐயொட்டி டென்மார்க் தாவரவியலாளர் அவிழ்க்கத் தொடங்கினர். அதன் பல இனங்கள் மகரந்தமின்றியே விதை கட்டுகின்றன. அவ்விதைக்கான ஒடுக்கற்பிரிவு அங்கே இல்லை. மெண்டல் தேடிய பிரிவு அச்செடியில் நிகழவேயில்லை.