பதில் வராத கடிதங்கள்: ஹோ-சி-மின் வாழ்க்கை

1911-ம் ஆண்டு, ஜூன் மாதம். சைகோன் துறைமுகத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் நின்றது. சமையல் கட்டில் எடுபிடி வேலைக்கு ஓர் ஒல்லியான வாலிபர் சேர்ந்தார். வயது 21. பெயர் பா என்று சொன்னார். அது பெற்றோர் இட்ட பெயர் அல்ல. பிற்காலத்தில் உலகமெல்லாம் சொன்ன ஹோ-சி-மின் என்பதும் பெற்றோர் இட்ட பெயர் அல்ல!

அவர் 1890-ல், கிம் லியன் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் படித்த பண்டிதர். அப்போது வியட்நாம் பிரான்சுக்கு அடிமை. உப்பு, சாராயம், அபின் மூன்றையும் சர்க்காரே விற்றது. நம் நாட்டில் வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டானே, அதே கதைதான் அங்கேயும். வரி கட்ட முடியாத குடியானவர்கள் நிலத்தை இழந்தார்கள். ரப்பர் தோட்டங்களில் கூலிகளாகிச் சாகவும் செய்தார்கள்.

எட்டு கோரிக்கைகள்

முதல் உலக யுத்தம் முடிந்தது. 1919-ல் பாரிஸ் அருகே சமாதான மகாநாடு கூடியது. ஒவ்வொரு இனத்துக்கும் தன்னாட்சி வேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி வில்சன் பேசி வந்த காலம் அது. பாரிசில் போட்டோக்களுக்கு மெருகு போட்டுப் பிழைத்த இந்த வாலிபர், எட்டு கோரிக்கைகளை எழுதி அனுப்பினார். அதில் பூரண சுதந்திரம் கூடக் கேட்கவில்லை. சம நீதி, பேச்சுரிமை, பள்ளிக்கூடம், இவைதான். யாரும் அவரைக் கூப்பிட்டுப் பேசவில்லை.

அடிமை நாடுகளுக்காக ரஷியா குரல் கொடுத்தது. அந்தப் பக்கம் அவர் மனம் திரும்பியது. கம்யூனிஸ்டு ஆனார். மாஸ்கோ போனார். ஹாங்காங்கில் பிரிட்டிஷ் சிறை. தாய்நாட்டு மண்ணை மிதிக்க முப்பது ஆண்டுகள் ஆயின!

பஞ்சம்

1941-ல் திரும்பியவர், எல்லை ஓரத்தில் ஒரு குகையில் தங்கினார். அந்த ஆண்டே வியட்மின் இயக்கம் பிறந்தது. ஜப்பானியரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து நெல்லை வாரிக்கொண்டு போனார்கள். 1945-ல் வடக்கே கொடும் பஞ்சம். பல லட்சம் பேர் மாண்டார்கள். வியட்மின் ஆட்கள் நெல் கிடங்குகளை உடைத்து ஜனங்களுக்குக் கொடுத்தார்கள். இயக்கம் வேர்விட்டது அங்கேதான்.

அந்த ஜூலையில் அமெரிக்கப் படையினர் சிலர் பாராசூட்டில் அவர் முகாமுக்கு வந்து இறங்கினர். காய்ச்சலில் கிடந்த ஹோவுக்கு மருந்து கொடுத்தவர்களும் அவர்களே. ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பர் 2-ல் ஹனாய் நகரத்து பா-தின் சதுக்கத்தில் அவர் சுதந்திரப் பிரகடனம் படித்தார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார்.

பிறகு ஜனாதிபதி ட்ரூமனுக்குக் கடிதத்தின் மேல் கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஐரோப்பாவில் ரஷியாவை எதிர்க்க அமெரிக்காவுக்குப் பிரான்சின் தயவு தேவைப்பட்டது. வியட்நாமின் குரல் எடுபடுமா? தெற்கே பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. அதில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அந்தப் படையின் தயவில் பிரெஞ்சுக்காரர் சைகோனில் மறுபடி கால் ஊன்றினார்கள்.

யுத்தம்

ஹோ பாரிசுக்கே போய்ப் பேசிப் பார்த்தார். வெறுங்கையாகத் திரும்பினார் என்றே சொல்லலாம். 1946 நவம்பரில் ஹைபாங் துறைமுகத்தைப் பிரெஞ்சுப் பீரங்கிகள் தாக்கின. டிசம்பரில் யுத்தம் மூண்டது.

1949-ல் சீனா கம்யூனிஸ்டு நாடாயிற்று. உடனே நிலைமை தலைகீழானது. சீனாவும் ரஷியாவும் 1950-ல் ஹோவின் சர்க்காரை அங்கீகரித்தன. அமெரிக்கா பிரான்சின் பக்கம் பணத்தைக் கொட்டியது. 1954-ல் பிரான்சின் யுத்தச் செலவில் நூற்றுக்கு 80 பங்கு வரை அமெரிக்கப் பணம். அப்படியும் டியன்-பியன்-பூ கோட்டை அந்த ஆண்டு மே 7-ல் விழுந்தது.

ஜெனிவாவில் வல்லரசுகள் கூடி, நாட்டைத் தற்காலிகமாக இரண்டாக வெட்டின. 1956-ல் தேர்தல் நடத்தி ஒன்றாக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஹோ ஜெயித்துவிடுவார் என்ற பயம் எதிர்த்தரப்புக்கு. தேர்தல் நடக்கவே இல்லை.

ஹோவின் ஆட்சியிலும் கறை உண்டு. வடக்கே நிலப் பங்கீட்டின்போது ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். தவறு நடந்துவிட்டது என்று 1956-ல் அவரே ஒப்புக்கொண்டார். செத்தவர்கள் திரும்பவா போகிறார்கள்?

1958-ல் அவர் இந்தியாவுக்கு வந்தார். ஜனாதிபதியான பிறகும் அரண்மனையில் குடியிருக்கவில்லை. தோட்டத்தில் மர வீடு ஒன்று போதும் என்றார். 1965-ல் வடக்கே குண்டுமழை தொடங்கியது. 1969-ல் தெற்கே 5 லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கத் துருப்புகள் இருந்தன.

அந்த ஆண்டு செப்டம்பர் 2-ல் அவர் காலமானார். சுதந்திர தினமும் அதுவே! அதனால் 3-ம் தேதி இறந்ததாக அறிவித்தார்கள். உண்மை 1989-ல்தான் வெளியாயிற்று. யுத்தம் 1975 வரை நீடித்தது.

உடலை எரித்து, சாம்பலை வடக்கு, மத்தி, தெற்கு என மூன்று பகுதிகளுக்கும் பங்கிடும்படி உயில் எழுதியிருந்தார். அது நடக்கவில்லை. பா-தின் சதுக்கத்து மண்டபத்தில், கண்ணாடிப் பேழைக்குள் உடலைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.