ஜொகூர் பாருவை உண்டாக்கிய சுல்தான் அபூபக்கர்

ஜொகூர் பாருவில் வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களில் பலருக்கு, மர்ஹூம் சுல்தான் அபூபக்கர் என்ற பெயர் பெரிய பள்ளிவாசலின் பெயராகத்தான் தெரியும். அந்த ஊரே அவர் காலத்தில் உருவானது என்பதைச் சிலரே அறிவர்.

அன்னார் 1833-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி சிங்கப்பூர் தெலுக் பிளாங்காவில் பிறந்தார். தகப்பனார் தெமெங்கோங் டாயிங் இப்ராஹீம். 1855-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, மூவார் பகுதி நீங்கலாக ஜொகூர் ஆட்சி தகப்பனார் கைக்கு வந்தது. வந்தது என்ன? காடும் ஆறுகளும்தான். ஜலசந்திக்கு இக்கரையில் தஞ்சோங் புத்திரி என்ற சிற்றூர். அக்கரையில் தீர்வையில்லாத் துறைமுகமான சிங்கப்பூர். பெரிய பஜார் எதிரே இருக்கும்போது சின்னக் கடைக்கு யார் வருவார்? இந்தக் கஷ்டத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1862-இல் தகப்பனார் காலமானதும் அபூபக்கர் பதவிக்கு வந்தார். சிங்கப்பூரில் மிளகும், கம்பீர் எனப்படும் காசுக்கட்டியும் பயிரிட்ட சீனர்களின் நிலம் சத்திழந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு எழுத்துச் சீட்டுக் கொடுத்து ஜொகூரின் ஆற்றங்கரைகளை ஒப்படைக்கும் வழக்கம் 1844-லேயே தொடங்கிவிட்டது. மகன் அதைப் பெருக்கினார். சீட்டுப் பெற்ற தலைவனுக்குக் காங்சூ என்று பெயர். காடு வெட்டுவதும் ஆள் சேர்ப்பதும் அவன் பொறுப்பு. 1873-இல் இதற்கெனச் சட்டமே எழுதப்பட்டது. விளைந்த கம்பீர் சிங்கப்பூர் வழியாகச் சீமைக்குப் போய்த் தோல் பதனிடப் பயன்பட்டது.

ஆனால் கஜானாவுக்கு வந்த பணத்தில் பெரும்பங்கு அபின், சாராயம், சூதாட்டக் குத்தகைகளால் வந்தது. காட்டில் பாடுபட்ட கூலியின் சம்பளம் அபின் கடைக்கே திரும்பிப் போயிற்று. ஊர் வளர்ந்த வரவை எழுதுகிறவர் இந்தப் பற்றையும் எழுதத்தான் வேண்டும்.

1866-இல் தஞ்சோங் புத்திரிக்கு ஜொகூர் பாரு, அதாவது புது ஜொகூர் எனப் பெயரிட்டார். அரண்மனையும் எழும்பிற்று. அவரிடம் உத்தியோகம் பார்த்தவர்களில் ஒருவர் முகம்மது இப்ராஹீம் முன்ஷி. இவருடைய தந்தை, மலாக்கா அப்துல்லா முன்ஷி, சிறுவயதில் தமிழ் படித்தவர். அக்காலத்து மலாக்காவில் வியாபாரக் கணக்குக்குத் தமிழ் தேவைப்பட்டது என்பது நமக்குப் பெருமைதானே!

1874 முதல் பேராக், சிலாங்கூர் முதலிய நாடுகளில் ஆங்கிலேயர் ரெசிடென்டுகளை அமர்த்தினர். ஜொகூரில் மட்டும் அவர் காலத்தில் அது நடக்கவில்லை. ஆங்கிலம் கற்றவர், 1866-லேயே லண்டன் சென்று விக்டோரியா மகாராணியைச் சந்தித்தவர். 1868-இல் மகாராஜா ஆனார். 1885-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் வெளிவிவகாரங்களை ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்து, சுல்தான் பட்டத்தைப் பெற்று, உள்நாட்டு ஆட்சியைக் காத்துக்கொண்டார். 1893-இல் இஸ்தான்புல் சென்று துருக்கி சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதைக் கண்டார்.

1895 ஏப்ரல் 14-இல் வெளியிட்ட அரசியல் சட்டத்தில், நாட்டை அந்நியருக்குக் கொடுக்க எந்த அரசருக்கும் உரிமையில்லை என்று எழுதிவைத்தார். அதே ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி லண்டனில் காலமானார். ஜனாஸா கப்பலில் கொண்டுவரப்பட்டு ஜொகூர் பாருவில் அடக்கம் செய்யப்பட்டது. 1892-இல் கட்டத் தொடங்கிய பள்ளிவாசல் 1900-இல்தான் முடிந்தது.

1914-இல் அவர் மகன் சுல்தான் இப்ராஹீம் ஆங்கிலேய ஆலோசகரை ஏற்க நேர்ந்தது. காங்சூ முறை 1917-இல் ஒழிந்தது. 1924-இல் ஜலசந்திப் பாலம் திறந்தபின், அக்கரைப் பஜாருக்குக் கால்நடையாகவே போய்வரலாம் என்றாயிற்று.