பூச்சி ஐயங்காரின் பெயரையும் சொல்வோம்

சில மாதங்களுக்கு முன் இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரத்துக்குப் பேருந்தில் சென்றேன். ஓட்டுநர் ஒலிக்கவிட்டிருந்த பழைய திரைப்பாடல்களுக்கு நடுவே 'அக்னி நட்சத்திரம்' படத்தின் 'நின்னுக்கோரி வர்ணம்' வந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த பள்ளி மாணவி தொடையில் மெல்லத் தாளம் போட்டாள். இசை கற்கிறாளாம், 'நின்னுகோரி' என்று தொடங்கும் மோகன வர்ணம் அப்போதுதான் பாடமாகியிருந்ததாம். அதை இயற்றியவர் யார் என்று கேட்டேன். இளையராஜா என்றாள். அவள் அறியாத அந்தப் பெயர், நாங்கள் சற்று முன் கடந்து வந்த அரண்மனையோடு சேர்ந்த பெயர்.

'பூச்சி' என்ற அடைமொழியால் அறியப்பட்ட இராமநாதபுரம் சீனிவாச ஐயங்கார் 1860-இல் பிறந்தவர். திருவையாற்றில் வாழ்ந்த பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் குருகுலவாசமாக இசை பயின்றார். பின்னர் இராமநாதபுரம் சமஸ்தானத்து வித்துவானாக விளங்கினார். 1897-இல் விவேகானந்தரைப் பாம்பன் கரையில் எதிர்கொண்டு வரவேற்ற பாஸ்கர சேதுபதியின் காலம் அது. கலைக்கும் கோயிலுக்கும் கணக்குப் பாராமல் கொடுத்த அந்த மன்னர் கடனில் மூழ்கி, 1903-இல் இளம் வயதிலேயே மறைந்தார். இசைக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்தே தீர வேண்டும் என்பதற்குப் பொருளாதாரம் படித்த எனக்கு இதைவிட நெருங்கிய சான்று வேண்டியதில்லை.

அந்த ஆதரவில் வளர்ந்த ஐயங்கார், கீர்த்தனைகள், வர்ணங்கள், ஜாவளிகள், தில்லானாக்கள் எனப் பலவும் படைத்தார். கேதாரகௌளையில் 'சரகுண பாலிம்ப', பூர்விகல்யாணியில் 'பரமபாவன ராம' ஆகியவை இன்றும் மேடைகளில் ஒலிக்கின்றன. கீர்த்தனைகளில் 'சீனிவாச' என்ற முத்திரையை வைப்பது அவர் வழக்கம். ஆனால், சில சொற்களே கொண்ட மோகன வர்ணத்தில் அந்த முத்திரை இல்லை. சரளியும் அலங்காரமும் கீதமும் முடித்து வர்ணத்துக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் பாடம் செய்யும் அந்தப் படைப்பு, படைத்தவரின் கையொப்பம் இல்லாமலே ஊர் ஊராகப் போயிற்று.

1919-இல் அவர் மறைந்தார். அவருடைய மாணவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், இன்று நாம் கேட்கும் கச்சேரி முறையை வகுத்தவர். குருவின் படைப்புகளை மேடைதோறும் கொண்டு சென்றவரும் அவரே. அரண்மனை கொடுத்த இடத்தில் சபாக்களும் நுழைவுச்சீட்டும் வந்தன. சபாக்களுக்குப் பின் திரைப்படம் வந்தது.

1988-இல் இளையராஜா அந்த வர்ணத்தின் தொடக்கத்தை எடுத்து, அதே மோகனத்தில் புதிய தாள நடையும் வாத்தியங்களும் சேர்த்துச் சித்ராவைப் பாடவைத்தார். இதைக் களவென்று நான் சொல்லமாட்டேன். பாட்டின் முதல் வரியே வர்ணம் என்று அறிவித்துக்கொள்கிறது. இலட்சக்கணக்கானோர் காதில் ஐயங்காரின் சுரங்கள் விழுந்தது அந்தப் பாட்டால்தான்.

அதே 1988-இல் அமெரிக்காவில் 'பப்ளிக் எனிமி' என்ற ஹிப் ஹாப் குழு, பழைய இசைத்தட்டுகளின் துணுக்குகளை வெட்டி ஒட்டி ஒரு புகழ்பெற்ற இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதில் பயன்பட்டவற்றுள் ஒன்று, ஜேம்ஸ் பிரவுனின் 1970-ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த சில விநாடி டிரம்ஸ். பின்னர் எண்ணற்ற பாடல்களில் அது ஒலித்தது; வாசித்தவருக்கோ படைப்பாளி என்ற உரிமை கிடைக்கவில்லை. அவர்கள் எடுத்தது ஒலிப்பதிவை. இங்கு எடுக்கப்பட்டது இசையமைப்பை. ஆனால், இரண்டு இடங்களிலும் பண்டம் பரவிய அளவுக்குப் பெயர் பரவவில்லை.

நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஐயங்காரின் படைப்புகளுக்கான காலவரம்பு 1988-க்கு முன்பே முடிந்துவிட்டது. யாரும் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. அது நியாயமும்கூட. ஒருவர் பாடுவதால் மற்றொருவருக்குக் குறைந்துபோகாத பொருள் இசை. அதற்கு என்றைக்கும் வேலி போட்டால் அரியக்குடியும் இல்லை, இளையராஜாவும் இல்லை. ஆனால், விலை தீர்ந்த பிறகும் தீராத கடன் ஒன்று உண்டு. அது பெயரைச் சொல்வது. அதற்குச் செலவு ஏதுமில்லை; ஆகவேதான் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இசை ஆசிரியர்கள் மோகன வர்ணத்தை எழுதிக்கொடுக்கும்போது, இராகம், தாளத்தோடு இயற்றியவர் பெயரையும் முதல் வரியில் எழுதச் சொல்ல வேண்டும். இராமநாதபுரம் மாவட்டப் பள்ளிகளில் உள்ளூர் வரலாறு சொல்லப்படும்போது சேதுபதிகளோடு அவர்களின் வித்துவானும் இடம்பெற வேண்டும்.

பாம்பன் பாலம் வருவதற்குள் அந்த மாணவியிடம் இவ்வளவையும் சொல்ல நேரம் போதவில்லை. பெயரை மட்டும் சொன்னேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.